நாய்க்குப் போடும் ஊசி யாருக்காக?

வீட்டில் வளர்க்கும் நாய்க்கு வழக்கமாகப் போடுகிற தடுப்பூசிகள் உண்மையிலேயே தேவைதானா என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. இதைக் கேட்பவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாய்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். 'நம்ம நாய் வீட்டை விட்டு வெளியே போறதே இல்லை, அதுக்கு எதுக்கு ஊசி?' என்கிறார் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். 'நாட்டு நாய்க்கு ஊசியெல்லாம் வேண்டாங்க, அது தானே தாங்கிக்கும்' என்கிறார் தோட்டத்துக் காவலுக்குச் சிப்பிப்பாறை வளர்ப்பவர். 'வருஷா வருஷம் செவன் இன் ஒன், நைன் இன் ஒன்னுன்னு போட்டுக்கிட்டே இருக்காங்களே, எல்லாம் மருந்துக் கம்பெனிக்கு வருமானம்தானே?' என்கிறார் இன்னொருவர். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'போடுங்கள்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பினால், கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார், ஊசி போடமாட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஊசி என்ற ஒரு சொல்லுக்குள் நாம் பல சங்கதிகளைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறோம். ரேபிஸ் ஊசி ஒன்று. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டு ஊசி வேறொன்று. எலிக்காய்ச்சல் ஊசி இன்னொன்று. இவை காக்கிற விதமும் வேறு, காக்கிற காலமும் வேறு. எல்லாவற்றையும் விட முக்கியமாக, இவற்றைப் போடாமல் விட்டால் வருகிற விளைவு யார் தலையில் விடியும் என்பது வேறு. நான் இன்று சொல்ல வந்தது இந்தக் கடைசி வேற்றுமையைத்தான். ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் ஒருவர், நாயின் சொந்தக்காரர். விளைவைச் சுமப்பதோ சில சமயம் அந்த நாய், சில சமயம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, சில சமயம் யாரென்றே தெரியாத ஒரு வழிப்போக்கர். ஒவ்வொரு ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு, 'இது தவறினால் யாருக்கு?' என்று கேட்டுப் பார்த்தால், எதில் நமக்கு விருப்பத்துக்கு இடம் உண்டு, எதில் இல்லை என்பது தானாகப் பிரிந்துவிடும்.

முதலில் ரேபிஸ். இந்த நோயின் போக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முடிவு முழுவதும் அதைச் சார்ந்திருக்கிறது. இதன் வைரஸ் மற்ற பல நோய்களைப்போல ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்தின் தசையிலிருந்து நரம்புக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மெல்ல ஏறி மூளைக்குப் போகிறது. காலில் கடித்தால் அந்தப் பயணம் நீளம். முகத்திலோ தலையிலோ கடித்தால் குறைவு. சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை வெளியில் எதுவும் தெரியாது. மூளையை எட்டிய பிறகு உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. நாயின் எச்சிலில் வைரஸ் வரத் தொடங்குவது, நோயின் அடையாளங்கள் தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே. அதாவது, வாலாட்டிக்கொண்டு, சோறு தின்றுகொண்டு, பார்வைக்கு நன்றாகவே இருக்கிற ஒரு நாயின் எச்சிலிலும் வைரஸ் இருக்கலாம். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வையுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் மருந்தில்லை, மனிதருக்கும் மருந்தில்லை. உலக மருத்துவ வரலாற்றிலேயே பிழைத்தவர்கள் மிகச் சிலர்.

உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாக வருகிறது. கடிபடுபவர்களில் 40 சதவீதம் அளவுக்கு 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 பேர் வரை இறப்பதாக முன்பு கணக்கிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைய கள ஆய்வு அதை 5,726 என்று மதிப்பிடுகிறது. எண்ணிக்கை குறைந்து வருகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் இந்த 5,726-ல் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய மரணம். அதோடு, 2024-இல் மட்டும் நாடு முழுவதும் 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டின் பங்கு அதில் ஏறத்தாழ 4.8 லட்சம். அத்தனை பேரும் மருத்துவமனை வரிசையில் நின்று, ஊசியின் தேதிகளை எண்ணிக்கொண்டு, கடித்த நாய் உயிரோடிருக்கிறதா என்று தினம் போய்ப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. உயரம் குறைவென்பதால் கடி முகத்திலும் கழுத்திலும் படுகிறது. திட்டு விழுமோ என்று பயந்து, சின்னக் கீறலை வீட்டில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது கேட்டுப் பாருங்கள்: ரேபிஸ் ஊசியைத் தவறவிட்டால் யார் தலையில் விடியும்? நாய் சாகும், அது உண்மை. ஆனால் அதற்கு முன்பு அது பால் பாக்கெட் போடுபவரையோ, பார்சல் கொண்டுவருகிற இளைஞரையோ, பந்து எடுக்க மதில் ஏறிக் குதித்த பையனையோ கடித்திருக்கலாம். அவர்கள் யாரும் உங்கள் வீட்டு முடிவில் பங்கு பெற்றவர்கள் அல்லர். ஆகவே ரேபிஸ் ஊசியைப் பொறுத்தவரை 'என் நாய், என் விருப்பம்' என்ற பேச்சுக்கு இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. வண்டிக்கு பிரேக் வேண்டுமா என்பதை ஓட்டுபவரின் தனி விருப்பத்துக்கு விடுகிறோமா? நகராட்சி உரிமம் கொடுக்கும்போது ரேபிஸ் ஊசிச் சான்றைக் கேட்பதும் இதற்காகத்தான்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைவிட நம்பிக்கை தருகிற கணக்கு பொதுச் சுகாதாரத்தில் குறைவு. தட்டம்மை வந்த ஒரு குழந்தை, தடுப்பூசி போடாத கூட்டத்தில், பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுத்துவிடும். வெறிபிடித்த ஒரு நாய் சராசரியாக இரண்டு நாய்களுக்குக்கூட அதைக் கடத்துவதில்லை. அதாவது ரேபிஸ் சங்கிலி மெல்லிய சங்கிலி. ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டு, அதை ஆண்டுதோறும் விடாமல் காத்துவந்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். சங்கிலியை அறுக்க உண்மையில் அதைவிடக் குறைவே போதும். ஆனால் நாய்கள் சாகின்றன, புதுக் குட்டிகள் பிறக்கின்றன, போன ஆண்டு போட்ட ஊசியின் பலன் இந்த ஆண்டு ஊரில் கரைந்துவிடுகிறது. அந்த இழப்பையும் ஈடுகட்டத்தான் 70. இதை ஏட்டில் மட்டும் சொல்லவில்லை. கோவா மாநிலத்தில் தெருநாய், வீட்டு நாய் இரண்டையும் சேர்த்து, வலை வீசிப் பிடித்தும் வீடு வீடாகப் போயும், 2017-இலிருந்து 2019 வரை ஆண்டுக்குச் சுமார் 95,000 நாய்களுக்கு ஊசி போட்டார்கள். நாய்களிடையே வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது. 2018-க்குள் மனித ரேபிஸ் மரணங்கள் அங்கே நின்றன. மெக்சிகோ பல பத்தாண்டுகள் இதையே செய்து, நாய்வழி ரேபிஸால் மனிதர் சாவதை ஒழித்த முதல் நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. இந்தியா 2030-ஐ இலக்காக வைத்து 2021 செப்டம்பர் 28-இல் தேசியச் செயல்திட்டத்தை அறிவித்திருக்கிறது.

உடனே ஒரு கேள்வி வரும்: எழுபது போதுமென்றால் என் நாய் மிச்சமுள்ள முப்பதில் இருந்துவிட்டுப் போகட்டுமே? அந்த முப்பது ஏற்கெனவே நிரம்பிவிட்டது. நேற்றுப் பிறந்து கண் திறக்காத குட்டிகள், வலைக்கும் பிஸ்கட்டுக்கும் சிக்காத தெருநாய்கள், காட்டோரத்தில் ஆள் கண்டால் ஓடுகிற நாய்கள் என்று எட்டவே முடியாதவற்றுக்காக ஒதுக்கிய இடம் அது. கழுத்தில் பட்டை மாட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மடியில் வந்து படுக்கிற நாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், பிடிக்க முடியாத ஒரு நாயைக் கூடுதலாகப் பிடித்தாக வேண்டும். தெருநாய் விவகாரத்தில் நம் ஊரில் எத்தனையோ வாக்குவாதம் நடக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு வேறு ஆணைகள் வந்தன. தெருவில் நாய் இருக்கலாமா கூடாதா என்பதில் நமக்குள் கருத்து வேறுபடலாம். வீட்டு நாய்க்கு ஊசி போடுவதில் வேறுபட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சிலர் உண்மையான சம்பவங்களைச் சுட்டிக்காட்டிக் கேட்பார்கள்: ஊசி போட்ட நாய்க்கும் ரேபிஸ் வந்திருக்கிறதே? வந்திருக்கிறது. குட்டியில் ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டு, ஓராண்டு கழித்துப் போட வேண்டிய அடுத்த ஊசியை விட்டிருக்கலாம். மருந்து கெட்டுப்போயிருக்கலாம். ஊசி போடுவதற்கு முன்பே வைரஸ் நரம்பில் ஏறியிருக்கலாம். ஆகவே, கடித்தது ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், கடிபட்டவர் புண்ணைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நாய்க்குப் போட்ட ஊசி மனிதருக்குப் போட வேண்டிய ஊசிக்கு மாற்று ஆகாது. ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு தப்பிவிடுகிறது என்பதற்காக நூறையும் திறந்துவிடுவது நியாயம் ஆகாது.

ஊசி மீதான பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஊரில் 'நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி' என்று சொல்லியே பிள்ளைகளை மிரட்டிய தலைமுறைகள் உண்டு. அது வெறும் மிரட்டல் அல்ல. 1885 ஜூலை 6-ஆம் தேதி பாரிசில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசியைப் போட்டார். அதன் வழிவந்து 1900-இல் இமாசலத்துக் கசௌலியிலும், 1907-இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் எழுந்தன. கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் 1911-இல் உருவாக்கிய ஊசிமருந்து, ரேபிஸ் ஏற்றிய விலங்குகளின் மூளைத் திசுவிலிருந்து எடுத்தது. வயிற்றில் நாள்தோறும் போட வேண்டும்; வலி அதிகம்; சிலருக்கு அந்த மூளைத் திசுவே ஒவ்வாமையாகிப் பக்கவாதம் வரை கொண்டுவிட்டது. ஆனாலும் அது லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு. 2004-இன் இறுதியில்தான் இந்தியா அதைக் கைவிட்டு, செல் வளர்ப்பில் தயாரிக்கும் நவீன ஊசிகளுக்கு முழுவதுமாக மாறியது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிகிறது. அப்படியிருக்க, பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அந்தக் காரணம் போய் இருபது ஆண்டு ஆகிறது, பயம்தான் பாக்கி. அதுவும் மனிதரிடமிருந்து நாய்க்கு இறங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட நாய் வளர்ப்போரில் 37 சதவீதம் பேர் தடுப்பூசியால் நாய்க்கு ஆட்டிசம் வரக்கூடும் என்று நம்பியதாகத் தெரிந்தது. ஆதாரம் ஏதுமில்லாத நம்பிக்கை அது. ஆனால் அதன் பலனை அனுபவிப்பது நாய்தான்.

அடுத்து பார்வோ, டிஸ்டெம்பர். இவை மனிதருக்கு வருவதில்லை. ஆகவே விளைவு நாயின் தலையில். 'அப்படியானால் இது நம் விருப்பம்தானே' என்று தோன்றும். ஒரு வகையில் ஆம். ஆனால் நாய்க்கு விருப்பம் சொல்ல வாய் இல்லை. நாம்தான் அதன் வாய். பார்வோ 1978 வாக்கில் திடீரென்று உலகெங்கும் பரவிய வைரஸ். பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு அது. அதற்குமுன் எந்த நாய்க்கும் அதை எதிர்த்த அனுபவம் இல்லாததால் குட்டிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இன்றும் நாய் வளர்ப்பவர்கள் 'ரத்தபேதி' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காலையில் ஓடியாடிய குட்டி மாலையில் மூலையில் சுருண்டுகொள்ளும். பிறகு வாந்தி, பிறகு அந்த நாற்றம் மறக்க முடியாத ரத்தக் கழிச்சல். வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்தில்லை; சலைன் ஏற்றி, உடம்பு தானே மீளும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம். டிஸ்டெம்பர் இன்னும் கொடுமையானது. சளியாகத் தொடங்கி, உள்ளங்கால் தடித்து, கடைசியில் வலிப்பிலும் நிற்காத தசைத் துடிப்பிலும் போய் முடியும். தப்பிய நாய்க்கும் அந்தத் துடிப்பு ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்வது உண்டு.

டிஸ்டெம்பரின் விளைவு நாயோடு நின்றுவிடுவதும் இல்லை. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அதனால் அழிந்தது. சுற்றியிருந்த கிராமங்களின் நாய்களுக்கு ஊசி போடுவது அதன்பின் அங்கே வனப் பாதுகாப்பின் பகுதியாகிவிட்டது. 2018-இல் நம் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றிடம் இதே வைரஸ் இருப்பது உறுதியானது. முதுமலை, சத்தியமங்கலம் காட்டோரக் கிராமங்களில் பட்டி காக்கிற நாய்க்குப் போடும் ஊசி செந்நாய்க்கும் காப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளியே போகாத நாய்க்கு எதற்கு என்பதற்கு இப்போது வருகிறேன். நாய் வெளியே போவதில்லை, நம் செருப்பு போகிறது. பார்வோ வைரஸ் மண்ணில், தரையில், சாக்கில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தரை துடைக்கும் வழக்கமான பினாயிலுக்கு அது மசியாது. பிளீச்சிங் கரைசல்தான் அதைக் கொல்லும். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை முகர்ந்து, வாரைக் கடிக்கிற குட்டிக்கு வேறு என்ன வழி வேண்டும்? நாட்டு நாய் தாங்கும் என்ற வாதம் இதைவிடப் பரவலானது. தெருவில் திடமாக ஓடுகிற நாய்களைப் பார்த்துத்தான் அப்படி நினைக்கிறோம். நம் கண்ணில் படுபவை பிழைத்தவை மட்டுமே. மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகள் 364-ஐப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், குட்டி போடும் வயது வரை பிழைத்தவை 19 சதவீதம்தான். அந்தச் சாவுகளில் பெரும்பகுதி வண்டியாலும் மனிதர் கையாலும் நேர்ந்தவை, எல்லாம் நோயால் அல்ல. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனாலும் தெருவில் பிழைத்து நிற்கும் ஒன்றைக் காட்டி, பிழைக்காமல் போன நான்கை மறப்பது தப்புக் கணக்கு. ராஜபாளையமோ கன்னியோ கோம்பையோ, பார்வோவுக்கு வம்சம் தெரியாது.

குட்டிக்கு ஏன் ஒரே மருந்தை மூன்று நான்கு தடவை போடுகிறார்கள் என்பதிலும் பலருக்குச் சந்தேகம். இது வியாபாரத் தந்திரம் அல்ல. இதன் காரணம் தாயின் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த குட்டி சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பொருளைப் பெறுகிறது. அது குட்டியைக் காக்கிறது; அதே சமயம், நாம் போடும் ஊசிமருந்தையும் நோய்க்கிருமி என்று நினைத்து அழித்துவிடுகிறது. அந்தத் தாய்வழிக் காப்பு ஒரு குட்டிக்கு எட்டு வாரத்தில் தீரும், அதன் உடன்பிறப்புக்குப் பதினான்கு வாரத்தில் தீரும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் நிறையும் வரை போட்டுக்கொண்டே போக வேண்டும் என்று உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு ஊசி போட்டும் குட்டி பார்வோவில் செத்தது என்று வருந்துகிறவர்கள் பலரின் கதையில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: கடைசி ஊசி பத்தாவது வாரத்தோடு நின்றுபோயிருக்கும்.

இனி, ஆண்டுதோறும் எல்லாவற்றையும் போடுவது பற்றிய புகார். இதில் கேட்பவர் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் ரேபிஸ் ஊசி பற்றி நான் சொன்னதையும் அவர் நம்பமாட்டார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஷுல்ட்ஸ் பல ஆண்டு செய்த ஆய்வுகளில், டிஸ்டெம்பர், பார்வோ, ஈரல் அழற்சி ஆகிய மூன்றுக்கும் குட்டிப் பருவத்தில் முறையாகப் போட்ட ஊசி குறைந்தது ஏழாண்டு காக்கிறது என்று தெரிந்தது. இந்த மூன்றுக்கும், குட்டிப் பருவத் தொடரும் அதையடுத்த ஓர் ஊக்க ஊசியும் முடிந்தபின், மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பதே அந்த உலகச் சங்கத்தின் நிலைப்பாடு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும் வழி உண்டு. ஆனால் எலிக்காய்ச்சல் ஊசியின் கதை வேறு. அதன் காப்பு ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. நம் ஊரில் மழை பெய்து தெருவில் தண்ணீர் தேங்கினால் அதில் எலி மூத்திரமும் கலந்திருக்கும். நாய்க்கு வந்தால் அதன் மூத்திரம் வழியாக வீட்டிலிருப்பவருக்கும் வரலாம். எலியும் தேங்கும் தண்ணீரும் உள்ள இடங்களில் அதை ஆண்டுதோறும் போட வேண்டும். ரேபிஸ் ஊசி, மருந்தின் மேலட்டை சொல்கிறபடியும் உள்ளூர் விதிப்படியும். நம் நாட்டில் நடைமுறை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை. வெறிநோய் நம் தெருக்களில் இருக்கும்வரை அதைத் தளர்த்த நான் சொல்லமாட்டேன். ஆகவே மருத்துவரிடம் போய் 'ஊசி வேண்டாம்' என்று சொல்வதற்குப் பதில், 'இந்த ஆண்டு எவை வேண்டும், எவை வேண்டாம்?' என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

பக்க விளைவு இல்லையா? உண்டு. அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து 2005-இல் வெளியான ஆய்வில், ஊசிக்குப் பிந்தைய மூன்று நாளில் 10,000 நாய்களுக்கு 38 என்ற கணக்கில் ஏதோ ஒரு விளைவு பதிவாகியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை முக வீக்கம், தடிப்பு, அரிப்பு, வாந்தி போன்றவை. சிறிய உடம்புள்ள நாய்களுக்கும், ஒரே நாளில் பல ஊசி போட்டவற்றுக்கும் கூடுதல். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், பொமரேனியன் போன்ற குட்டை நாய்க்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போடச் சொல்லலாம். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கலாம். காய்ச்சலோ பேதியோ இருக்கும்போது தள்ளிப்போடலாம். பத்தாயிரத்தில் முப்பத்தெட்டை எதிரே வைத்து, ஊசி போடாத குட்டிக்குப் பார்வோ வந்தால் என்ன நடக்கும் என்பதை நிறுத்துப் பார்த்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை.

கடைசியாக ஊசி மருந்தையே கொஞ்சம் கிட்டே பார்ப்போம். சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி இரண்டு. ஒன்றின் அடியில் வெள்ளையாக, கட்டிக் கற்பூரம்போல ஒரு சிறு வில்லை ஒட்டிக்கிடக்கும். அதுதான் உறையவைத்து உலர்த்திய பார்வோ, டிஸ்டெம்பர் மருந்து. மற்றதில் திரவம், பல தயாரிப்புகளில் அந்தத் திரவமே எலிக்காய்ச்சல் மருந்து. திரவத்தை ஊசியில் இழுத்து வில்லையின்மேல் விட்டால் ஒரு நொடியில் கரைந்துவிடும். கரைத்தபின் வைத்திருக்கக் கூடாது, உடனே போட வேண்டும். அதுவரை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, மே மாத வெயிலில் பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, தெரிந்தவரை வைத்துப் போடும் ஊசியால் நாய்க்கு ஒரு குத்துதான் மிச்சம். அரசு கால்நடை மருந்தகங்களில் ஜூலை 6-ஆம் தேதி விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டியும், செப்டம்பர் 28-ஆம் தேதி ரேபிஸ் தினத்தை ஒட்டியும் ரேபிஸ் ஊசியை இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கின்றன. செலவு தடையாக இருக்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

ஊசி போட்டதும் மருத்துவர் குப்பியிலிருந்து ஒரு சிறு லேபிளை உரித்து நாயின் தடுப்பூசி அட்டையில் ஒட்டுவார். அதில் மருந்தின் பெயரும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். லேபிள் இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். குட்டியின் கடைசி ஊசி பதினாறு வாரத்துக்கு முன்பே நின்றிருந்தால் அது இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் என்ற வரிக்கு நேரே இருக்கும் தேதி ஓராண்டைத் தாண்டியிருந்தால், நாளைக் காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.